தேவ் தீபாவளிக் கூட்டத்தில் காசி: எங்கெல்லாம் ஏமாற்றுவார்கள், எப்படித் தப்பிப்பது?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். காசிப் படித்துறைகளில் விளக்கேற்றும் தேவ் தீபாவளியை ஒட்டி அப்பா (71), அம்மா (66) இருவரையும் காசிக்கும் பிரயாகைக்கும் அழைத்துப் போகிறேன். ரயில் பனாரஸ் ஸ்டேஷன் வரை. அப்பாவுக்குத் தாத்தா பாட்டிக்குப் பிண்டம் போட்டு முடிக்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அம்மாவுக்குப் படகில் ஆரத்தி பார்க்கணும், ஒரு பட்டுப்புடவை எடுக்கணும். எங்களுக்கு இந்தி கொஞ்சம் புரியும், பேச வராது.

சீசனில் படகு, ஆட்டோ, புரோகிதர், தரிசன டிக்கெட் என்று எல்லாவற்றிலும் ஏமாற்றுவதாகக் கேள்விப்படுகிறேன். பொதுவாக "ஜாக்கிரதையாக இருங்கள்" என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் எப்படிச் செய்கிறார்கள், அப்போது நாம் என்ன சொல்லவேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சத்திரவாசல்:

முதலில் தேதியைச் சரிபாருங்கள். தேவ் தீபாவளி வடக்கத்திப் பஞ்சாங்கத்தின் கார்த்திகைப் பௌர்ணமியில் வரும். நம் திருக்கார்த்திகையும் அதுவும் ஒரே நாள் என்று எண்ணி டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். 2024-ல் காசியில் நவம்பர் 15, திருவண்ணாமலையில் தீபம் டிசம்பர் 13. 2025-ல் நவம்பர் 5, டிசம்பர் 3. ஒரு மாத வித்தியாசம்.

அடுத்து ஸ்டேஷன். பனாரஸ் என்பது பழைய மண்டுவாடீ, 2021-ல் பெயர் மாறியது. ஊர்க்காரர்கள் "கேன்ட்" என்பது வாராணசி ஜங்ஷன். தீனதயாள் உபாத்யாய ஜங்ஷன் என்பது பழைய முகல்சராய், கங்கைக்கு அக்கரையில் ஏறத்தாழ 17 கி.மீ. தள்ளி. திரும்பும் டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். தவறான ஸ்டேஷனில் போய் நின்று, ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆட்டோ பேசினால் கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

கூட்ட நாட்களில் கோயிலை ஒட்டிய மைதாகின் முதல் கோதௌலியா வரை வண்டி விடமாட்டார்கள். ஆட்டோக்காரர் "கோதௌலியா" என்று பேசி ஏற்றிக்கொண்டு லஹுராபீர், பேனியாபாக் பக்கம் தடுப்பைக் காட்டி இறக்கிவிடுவார், முழுப் பணமும் கேட்பார். தடுப்பு நிஜம்தான், ஆனால் அது அங்கே இருப்பது ஏறும்போதே அவருக்குத் தெரியும். அதனால் "இன்றைக்கு வண்டி எதுவரை போகும்? அதுவரைக்கும் எவ்வளவு?" என்று கேட்டே பேசுங்கள். பெற்றோர் வயதுக்கு அங்கிருந்து நடக்கும் தூரம் முக்கியம். தங்குமிடத்தை எடுக்கும்போதே "தடுப்பு போட்டால் எந்த வழியாக, எவ்வளவு தூரம் நடக்கணும்" என்று போனில் கேட்டுவிடுங்கள்.

"நீங்க சொல்ற லாட்ஜை மூடிட்டாங்க", "அந்தச் சந்தில் தண்ணி வந்துடுச்சு" என்பது அடுத்தது. வாதாட வேண்டாம். அவர் எதிரிலேயே லாட்ஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். சந்துக்குள் "நான் வழி காட்டறேன்" என்று முன்னால் நடக்கும் பையனும் கமிஷன் ஆள்தான். உங்களை நான்தான் கூட்டிவந்தேன் என்று அவன் சொல்லும் தொகை உங்கள் அறை வாடகையில் ஏறும். முன்பதிவு செய்திருந்தால் வரவேற்பு மேசையில் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இனி பிண்டம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரிய தொகை போவதும் மனசு நோவதும் இங்கேதான்.

படித்துறையில் தானாக வந்து பேசுபவரிடம் உட்கார்ந்தால் நடப்பது இது. முதலில் "ஐந்நூறு போதும், உங்க இஷ்டம்" என்பார். அப்பா கையில் தர்ப்பை, எள், தண்ணீர் கொடுத்து கோத்திரமும் பெயரும் கேட்பார். சமஸ்கிருதத்தில் வரி வரியாகப் போகும், அப்பாவும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் அதே ராகத்தில் இந்தி நுழையும்: "க்யாரஹ் பிராம்மண் போஜன், ஏக் கௌதான், சங்கல்ப் கர்த்தா ஹூன்." அதையும் அப்பா சொல்லிவிடுவார். தண்ணீரைக் கீழே விட்டதும் கணக்கு வரும்: பதினோரு பிராமணர் சாப்பாடு, ஒரு கோதானம், கங்கை சாட்சியாக ஒப்புக்கொண்டீர்கள், கொடுக்காவிட்டால் பித்ருக்களுக்குப் போய்ச் சேராது. காரியம் பாதியில் நிற்கும். எழுந்து வர எந்த மகனுக்கும் மனசு வராது.

தடுக்க வழி உண்டு. உட்காருவதற்கு முன் மொத்தத் தொகையைப் பேசி ஒரு தாளில் எழுதுங்கள். வாத்தியார் தட்சிணை, பிண்டச் சாமான், வஸ்திரம், பிராமண போஜனம் எத்தனை பேருக்கு, தானங்கள், கடைசியில் படகு. படகை மறக்காதீர்கள். நம்மவர்கள் செய்யும் பஞ்சதீர்த்த சிராத்தத்தில் அசி, தசாசுவமேதம், வரணை சேரும் ஆதிகேசவம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்று ஐந்து துறைக்கும் படகில்தான் போவது. "தட்சிணையில் படகு சேரவில்லை" என்று நடு ஆற்றில் தகராறு வருவது சாதாரணம்.

சங்கல்பத்தில் எந்த எண் காதில் விழுந்தாலும் அதைத் திருப்பிச் சொல்லாமல் "யதாசக்தி" (சக்திக்கு ஏற்றபடி) என்று மட்டும் சொல்லச் சொல்லி அப்பாவைப் பழக்குங்கள். சங்கல்பத்தில் வழக்கமாக வரும் சொல்தான், காரியத்துக்கு எந்தக் குறையும் இல்லை. பணம் அப்பாவிடம் இருக்கவேண்டாம். நீங்கள் ஒரு படி பின்னால் உட்கார்ந்து வைத்திருங்கள். பேசிய தொகையைத் தனி உறையில் போட்டு, முடிந்ததும் அந்த உறையை மட்டும் எடுங்கள்.

அனுமான் காட் (படித்துறை) பக்கம் தலைமுறையாக இருக்கும் தமிழ், தெலுங்கு வாத்தியார் குடும்பங்கள் உண்டு. உங்கள் ஊர் வாத்தியாரிடம் கேட்டு அவர் மூலம் முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்வது எல்லாவற்றிலும் மேல்.

படித்துறைப்பக்கம்:

படகு, ஆரத்தி பத்தி நான் சொல்றேன்.

கங்கா ஆரத்திக்கு டிக்கெட்டே கிடையாது. படிக்கட்டில உட்கார்றதுக்கு யாராவது ரசீது புத்தகத்தோட வந்து சீட்டுக் காசு கேட்டா எழுந்து வேற இடம் போங்க. காசு வாங்குறது படகுக்காரரும் மொட்டைமாடிக்காரரும்தான், அது அவங்க தொழில். தசாசுவமேதத்தில கூட்டம் நெரியும்னு தோணினா அஸ்ஸி காட்லயும் ஆரத்தி உண்டு, வயசானவங்களுக்கு அது தோது.

படகு பேசும்போது ஐந்து விஷயத்தையும் ஒரே மூச்சுல கேட்டுடணும்: ஆளுக்கா, முழுப் படகுக்கா; எங்கிருந்து எதுவரை; எவ்வளவு நேரம்; ஆரத்தி முடியற வரைக்கும் நிக்குமா; ஏறின துறையிலேயே இறக்கி விடுவாங்களா. தகராறு அதிகம் வர்றது முதலும் கடைசியும்தான். "ஐந்நூறு"ன்னு சொன்னா நீங்க முழுப் படகுன்னு நினைப்பீங்க, இறங்கும்போது ஆளுக்கு ஐந்நூறும்பாங்க. இல்லேன்னா ஆரத்தி முடிஞ்சதும் வேற துறையில இறக்கிட்டு "மறுபடி போகணும்னா தனி." இந்தியில ரெண்டு வாக்கியம் போதும்: "பூரீ நாவ் கா கித்னா?" (முழுப் படகுக்கு எவ்வளவு), "சப் மிலாகர்?" (எல்லாம் சேர்த்தா). பதிலை விரல்ல காட்டச் சொல்லுங்க, இல்ல போன் கால்குலேட்டர்ல தட்டச் சொல்லுங்க. காசு கரையில இறங்கின பிறகு.

சாதாரண நாள்ல பொதுப் படகுல ஆளுக்கு நூறு இருநூறுல முடியும். தேவ் தீபாவளி அன்னிக்கு மாலை அந்தக் கணக்கே இல்ல, ஆயிரக்கணக்குல போகும், அதை ஏமாத்துன்னு சொல்ல முடியாது. அன்னிக்கு ஏமாத்து வேற மாதிரி: ஒரே படகை ரெண்டு கூட்டத்துக்கு முன்பணம் வாங்கி வித்துடுவாங்க. அதனால பகல்லயே நேர்ல போய்ப் படகைப் பாருங்க. படகு மேல எழுதின எண்ணை, ஓட்டுறவரோட சேர்த்துப் படம் எடுங்க. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கான்னு எண்ணுங்க. முன்பணம் கால்பங்குக்கு மேல வேண்டாம். மாலையில அந்த எண் இல்லாத படகுல ஏறச் சொன்னா ஏறாதீங்க, அதுல எத்தனை பேரை அடைச்சிருக்காங்கன்னு இருட்டுல தெரியாது.

அம்மாவோட முக்கிய ஆசை ஆரத்தியும் படகும்தான்னா, பௌர்ணமிக்கு ரெண்டு நாள் கழிச்சுப் போனாலும் அதே ஆரத்தி, நிம்மதியாப் பார்க்கலாம். லட்சம் விளக்கு பார்க்கணும்னா மட்டும் அன்னிக்கே போங்க.

அன்னிக்கு இன்னொண்ணு. கூட்டத்துல நெட்வொர்க் திணறும். யுபிஐ போட்டா "பெண்டிங்"ல நிக்கும், கடைக்காரர் "வரல, ரொக்கமாக் கொடுங்க"ம்பார், ரொக்கமும் கொடுப்பீங்க, பத்து நிமிஷம் கழிச்சு யுபிஐயும் போயிடும். அவரைத் திரும்பத் தேடிப் பிடிக்க முடியாது. பத்து, இருபது, ஐம்பது நோட்டாத் தனிப் பையில வச்சுக்கோங்க, படித்துறைச் செலவு எல்லாம் அதுல. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினா சில்லறை திரும்பாது.

இலைத்தொன்னையில பூவும் விளக்கும் கையில வச்சுட்டு அப்புறம் விலை சொல்றது, சும்மா கை குலுக்கி அப்படியே மசாஜ் பண்ண ஆரம்பிக்கறது, நெத்தியில சந்தனம் இட்டுட்டுக் காசு கேக்கறது எல்லாம் சின்ன விஷயம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடந்தாலே பாதி குறையும்.

பிணம் எரிக்கிற மணிகர்ணிகைத் துறை மட்டும் சின்ன விஷயமில்ல. "இங்க நிக்கக்கூடாது, மேலேர்ந்து பாருங்க"ன்னு ஒருத்தர் பக்கத்துக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போவார். அங்க சாவுக்குக் காத்திருக்கிற ஏழைகளுக்கு விறகு வாங்க தானம் கேப்பாங்க, கிலோவுக்கு இவ்வளவு, ஒரு உடலுக்கு இத்தனை கிலோன்னு கணக்கு சொல்லி. கொஞ்சமாக் கொடுத்தா நாலு பேர் சூழ்ந்துப்பாங்க, போட்டோ எடுத்தேன்னு மிரட்டுவாங்க. கட்டடத்துக்குள்ள போகவே போகாதீங்க. படகுல போகும்போது ஆத்துலேர்ந்து கும்பிட்டுக்கலாம். போனைப் பையை விட்டு எடுக்கவேண்டாம், அது இறந்தவங்களுக்கு நாம செய்யற மரியாதையும்கூட.

பைரவர்சந்து:

சத்திரவாசல் சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிறார் என்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. ரயில் நிலைய வாசலில் "வாங்கய்யா, சத்திரத்து ஆள்தான், உங்களுக்குத்தான் காத்திருக்கேன்" என்று நல்ல தமிழில் கூப்பிடுவார்கள். சத்திரம் ஆள் அனுப்புவதாக முன்னாலேயே பெயரும் எண்ணும் சொல்லியிருந்தால் ஒழிய யார் பின்னாலும் போகவேண்டாம். நகரத்தார் சத்திரமோ குமாரசாமி மடமோ, நேராக அவர்கள் அலுவலகத்தில் போய்க் கேட்டால் வாத்தியாருக்கும் தரிசனத்துக்கும் வழி சொல்வார்கள்.

விசுவநாதர் கோயில்: செல்போன், ஸ்மார்ட் வாட்ச், பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். இதை வைத்துத்தான் சந்துக் கடைகளின் வியாபாரம். "லாக்கர் இலவசம்" என்று போனை வாங்கிப் பூட்டிக்கொண்டு கூடையில் பால், பூ, வில்வம், இனிப்பு வைத்துக் கையில் கொடுப்பார்கள். விலை திரும்பி வந்தபிறகுதான். போன் அவர்களிடம் இருப்பதால் பேரம் பேச முடியாது. போனை அறையிலேயே விட்டுவிட்டு, தொலைந்தால் சந்திக்க ஓர் இடம் முடிவு செய்துகொண்டு போங்கள். இரண்டு பேருக்கும் சட்டைப்பையில் தங்குமிடத்தின் பெயரும் எண்ணும் எழுதிய துண்டுத்தாள் இருக்கட்டும்.

சுகம் தரிசனம் என்ற கட்டணத் தரிசனம் உண்டு. கோயிலின் சொந்த இணையதளத்திலும் கோயில் கவுன்ட்டரிலும் மட்டும் வாங்குங்கள். பெருங்கூட்ட நாட்களில் அதையும் ஸ்பரிச தரிசனத்தையும் கோயில் நிர்வாகமே நிறுத்திவைக்கும். அப்படி நிறுத்திய நாளில்தான் "நான் பண்டா (கோயில் புரோகிதர்), உள்வழியாகக் கூட்டிப்போய் லிங்கத்தைத் தொடவைக்கிறேன், ஆளுக்கு மூவாயிரம்" என்பவர்கள் அதிகம் திரிவார்கள். பணம் வாங்கிப் பொதுவரிசையிலேயே நடுவில் நுழைத்துவிட்டு மறைந்துவிடுவார்கள். நடக்கமுடியாத பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் கோயில் உதவி மேசையில் கேளுங்கள், வாசலில் தள்ளுவண்டியோடு நிற்பவரிடம் அல்ல.

காலபைரவர் சன்னதியில் மயிற்பீலியால் முதுகில் தட்டி, கையில் கயிறு கட்டி ஐந்நூறு கேட்பவர்களுக்குக் கொடுக்கவேண்டியதில்லை. ஊருக்குக் கொடுக்கக் காசிக் கயிறு வேண்டுமென்றால் கடையில் கட்டாக வாங்கி, சன்னதியில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரயாகையில் படகு பேசுவதற்கும் மேலே சொன்ன ஐந்து கேள்விகள்தான். கூடுதலாக ஒன்று: சங்கமத்தில் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பது. நடு ஆற்றில் பக்கத்துப் படகிலிருந்து தேங்காய், பால், பூ நீட்டுவார்கள். நீங்கள் விட்ட தேங்காயையே எடுத்து அடுத்தவருக்கு விற்பதும் உண்டு. வேணிதானம் (சுமங்கலிகள் பின்னல் நுனியைச் சங்கமத்தில் விடும் சடங்கு) செய்வதாக இருந்தால் சீப்பு, கண்ணாடி, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத்துணி எல்லாம் ஊரிலிருந்தே கொண்டுபோனால் அந்தச் சாமான் கணக்கே எழாது.

வெண்ணாற்றங்கரை:

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். தங்குவதற்குத் தேடியபோது ஒரு சத்திரத்தின் பெயரில் இணையதளம் வந்தது, வாட்ஸாப்பில் கியூஆர் அனுப்பி முழு வாடகையும் முன்பணமாகக் கேட்கிறார்கள். அனுப்பலாமா? அப்புறம் கங்கைச் செம்பு எங்கே, எப்படி வாங்குவது? ராமேசுவரத்துக்குக் கொண்டுபோகணும்.

பத்தொன்பது முப்பது:

அனுப்பாதீர்கள். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் இதைப்பற்றியே எச்சரிக்கை விட்டது: கேதார்நாத் ஹெலிகாப்டர், யாத்திரை விடுதி, ஹோட்டல் பெயர்களில் போலித் தளங்கள். தேடுபொறியில் காசு கட்டி விளம்பரமாக மேலே வருவார்கள். வரைபடத்தில் உண்மையான விடுதியின் பக்கத்திலேயே தொலைபேசி எண்ணை "திருத்தம்" என்று மாற்றிவைப்பதும் உண்டு. படங்கள் எல்லாம் உண்மையான இடத்தின் படங்களாகவே இருக்கும். அதைப் பார்த்து நம்பவேண்டாம்.

சோதிப்பது சுலபம். கியூஆரை ஸ்கேன் செய்து, தொகை போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். அறக்கட்டளையின் பெயர் வராமல் தனி ஆள் பெயரோ ஏதோ மொபைல் கடை பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்புங்க", "இந்த ஆப்பைப் போட்டுத் திரையைப் பகிருங்க" என்றால் பேச்சை முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் கிளையோ நிர்வாகிகளோ உள்ள சத்திரங்களுக்கு இங்கேயே நேரில் அல்லது அவர்கள் அச்சிட்ட சீட்டில் உள்ள எண்ணில் கேட்பதுதான் சரி.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கு: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடலாம். போன பணத்தை நிமிடங்களில் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தள்ளிவிடுவார்கள். எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அதைத்தான் வங்கி நிறுத்திவைக்க முடியும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் மிச்சம் இருக்காது. கூப்பிடுமுன் கையில் வைத்துக்கொள்ளவேண்டியவை: யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், வாங்கியவரின் யுபிஐ முகவரி, உங்கள் வங்கியின் பெயர். அவர்கள் தரும் புகார் எண்ணை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்யுங்கள், வாட்ஸாப் உரையாடலை அழிக்காதீர்கள். ஊரில் யாராவது சூழ்ந்துகொண்டு மிரட்டினால் அவசர உதவி எண் 112.

நூல்கண்டு:

பட்டுப்புடவையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆட்டோக்காரரோ படகுக்காரரோ "நெசவு பார்க்கலாம் வாங்க, அரசாங்கக் கூட்டுறவு" என்று மதன்புரா பக்கம் கூட்டிப்போனால், அவர் கமிஷன் புடவை விலைக்குள் இருக்கும். வாசலில் ஒரு தறி ஓடும். உள்ளே விற்பது அந்தத் தறியில் நெய்தது என்று அர்த்தமில்லை.

புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கடுவா நெசவில் ஒவ்வொரு புட்டாவும் (பூ வேலைப்பாடு) தனிச் சிறு நூல்கட்டையால் நெய்தது. ஒரு புட்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூல் ஓடாது, வெட்டிய பிசிறும் இருக்காது. கட்வொர்க் என்றால் இடையில் ஓடிய நூலைக் கத்தரித்திருப்பார்கள், விரலால் தடவினால் பிசிறு உறுத்தும். அதுவும் நல்ல புடவைதான், ஆனால் கடுவா விலை கொடுக்கக்கூடாது. கரையிலிருந்து கரைவரை நூல் நீளமாக ஓடினால் விசைத்தறியாக இருக்கலாம். கைத்தறியில் கரையோரம் துணியை இழுத்துப் பிடித்த ஊசியின் நுண்துளை தெரியும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம்.

முந்தானை ஓரத்தில் தொங்கும் பாவுநூல் ஒன்று, ஊடுநூல் ஒன்று கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசம், நசுக்கினால் பொடியாகும் சாம்பல். பாலியஸ்டர் உருகி கெட்டி மணியாக நிற்கும். இரண்டு நூலையும் பார்க்கவேண்டும், பாவு பட்டாகவும் ஊடு கலப்பாகவும் இருப்பதுண்டு. கொளுத்த விடமாட்டேன் என்றால் வேறு கடை.

சில்க் மார்க் பட்டு என்பதற்கு மட்டும்தான் சான்று. அந்த முத்திரை விசைத்தறிப் பட்டுக்கும் உண்டு. கைத்தறிக்குத் தனியாக ஹேண்ட்லூம் மார்க் பார்க்கவேண்டும். "ஊருக்கு அனுப்பி வைக்கிறோம்" என்றால் சம்மதிக்காமல் கையோடு எடுத்து வாருங்கள், நீங்கள் தேர்ந்ததே வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

சத்திரவாசல்:

செம்புக்கு: சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். அசல் செம்பு உலோகத்தில் ஒட்டாது, முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். மூடி பற்றவைத்த செம்பை அப்படியே வாங்கினால் உள்ளே ஆற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று தெரியாது. காலிச் செம்பாக வாங்கி, விடியற்காலையில் படகில் போகும்போது நடு ஆற்றில் நீங்களே மொண்டு, கடைக்காரர் பற்றவைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பற்றவைக்கும் கூலியைச் செம்பு விலையோடு சேர்த்து முன்னாலேயே பேசவேண்டும். ஆறினதும் கவிழ்த்துப் பத்து நிமிடம் ஒரு காகிதத்தின் மேல் வையுங்கள், கசிந்தால் அங்கேயே தெரியும், இன்னொரு முறை பற்றவைத்துத் தரச் சொல்லலாம்.

ரயிலில் வருவதால் சிக்கலில்லை. விமானத்தில் வருபவர்கள் செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள், பற்றவைத்த செம்பைக் கைப்பையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொல்வார்கள்.